ரெண்டு ஹாஸ்டல், ரெண்டு ரூல்ஸ் ஷீட்: தனியார் காலேஜ் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தாளாளர்கள், பிரின்சிபால்கள், ஹாஸ்டல் வார்டன்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

என் பொண்ணும் பையனும் ஒரே காலேஜ்லதான் படிக்கிறாங்க. பொண்ணு இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) மூணாவது வருஷம், பையன் இந்த வருஷம் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கான், ரெண்டு பேரும் ஹாஸ்டல். காலேஜ் பேர் இங்க எழுதல, ஏன்னா இது ஒரு காலேஜோட விஷயம் இல்ல, ஈரோடு நாமக்கல் பக்கம் இருக்குற சொந்தக்காரங்கள கேட்டாலும் சென்னை தாண்டி இருக்குற காலேஜ்ல பிள்ளையைச் சேர்த்தவங்கள கேட்டாலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்றாங்க. பையனைச் சேர்க்கும்போது கையில ரூல்ஸ் ஷீட் குடுத்தாங்க, ஒரே பக்கம். பொண்ணு சேரும்போது குடுத்தது மூணு பக்கம். வீட்டுக்கு வந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சப்பதான் இந்த மடலை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

பொண்ணுக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள உள்ள வந்துடணும், ஆறரைக்கு ஒரு அட்டெண்டன்ஸ், ஒன்பதுக்கு இன்னொண்ணு. அவுட்பாஸ் வேணும்னா அப்பா நம்பர்ல இருந்து வார்டனுக்கு போன் வரணும், நான் பேசினப்ப "சார் நம்பர்தான் ரெஜிஸ்டர்ல இருக்கு, சாரை பேசச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டாங்க, பீஸ் கட்டுறது என் அக்கவுண்ட்ல இருந்துதான், அதுக்கு மட்டும் என் கையெழுத்து செல்லுது. சுடிதார்னா ஷால் ரெண்டு பக்கமும் பின் குத்தியிருக்கணும், லெக்கின்ஸ் கூடாது, முடி விரிச்சுவிடக் கூடாது, பால்கனியில நின்னு போன் பேசக் கூடாது. பையன் ஷீட்ல ஒன்பது மணிக்குள்ள வரணும், லேட்டானா ரெஜிஸ்டர்ல எழுதணும், குடிக்கக் கூடாது, ராகிங் கூடாது, முடிஞ்சுது.

இதனால பொண்ணுங்க படுற கஷ்டத்தைப் பத்தி நிறைய பேர் எழுதியிருக்காங்க, பேசியிருக்காங்க. நான் கேக்க வந்தது வேற. இந்த ரூல்ஸ் உங்க பசங்களுக்கு என்ன கத்துக்குடுக்குதுன்னு எப்பவாவது யோசிச்சுப் பார்த்தீங்களா? பதினெட்டு வயசுல ஒரு பையன் உங்க கேம்பஸ்ல நாலு வருஷம் இருக்கான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் கூடப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு உள்ள போயிடுறாங்க, கேட்டு மூடுது, அதுக்கப்புறம் கிரவுண்டு, கேன்டீன், லேப், லைப்ரரி, பஸ் ஸ்டாப், டீக்கடை எல்லாமே அவனுக்கும் அவன் பிரண்ட்ஸுக்கும் மட்டும்தான். யாரும் அவன்கிட்ட வந்து "ராத்திரி நேரம் ஆம்பளைக்குத்தான்"னு கிளாஸ் எடுக்கல, கேட்டே அந்தக் கிளாஸை எடுத்து முடிச்சிடுது. என் பையன் சேர்ந்த கொஞ்ச நாள்லயே போன்ல சொல்றான், "ராத்திரில அக்காவால எப்பிடிம்மா வெளிய வர முடியும், பொண்ணுல்ல." எங்க வீட்டுல அவனை அப்படி வளர்க்கல, பாத்திரம் தேய்ப்பான், தோசை சுடுவான், அக்காகூட சண்டை போட்டு அக்காகிட்டயே கணக்கு கத்துக்கிட்டவன். அந்த வார்த்தையில கோவமோ திமிரோ எதுவும் இல்ல, சூரியன் கிழக்க உதிக்கும்ங்கிற மாதிரி சாதாரணமா சொன்னான், எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

படிப்பு விஷயத்துக்கே வரேன், ஏன்னா நீங்க படிப்புக்குத்தான் காலேஜ் நடத்துறதா சொல்றீங்க. உங்க லைப்ரரி ராத்திரி எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கு, புரோஷர்ல போட்டோவோட போட்டிருக்கீங்க. பொண்ணுங்க அஞ்சே முக்காலுக்கு புக்கை மூடி வெச்சுட்டு ஓடணும். லேப் கதை இதைவிட மோசம். என் பொண்ணோட மினி புராஜெக்ட்ல நாலு பேரு, ரெண்டு பொண்ணு ரெண்டு பையன். கிளாஸ் முடியவே நாலரை ஆகிடும், சர்க்கியூட் போர்டு சால்டர் பண்றது, டெஸ்ட் பண்றது, தப்பு எங்கன்னு தேடுறது, இதெல்லாம் நிதானமா உக்காந்து பண்ற வேலை, சாயங்காலம்தான் நடக்கும். அந்த நேரத்துல லேப்ல பசங்க மட்டும்தான் இருக்காங்க. அப்ப பொண்ணுங்களுக்கு என்ன வேலை வரும்? ரிப்போர்ட் டைப் பண்றது, பிபிடி போடுறது, ரெக்கார்டு நோட் எழுதுறது. யாரும் திட்டம் போட்டுப் பிரிக்கல, கேட்டு மூடுற நேரம் பிரிச்சுடுச்சு. அப்புறம் வைவாங்கிற வாய்மொழித் தேர்வுல வெளிய இருந்து எக்ஸாமினர் வந்து "போர்டுல இந்த கெப்பாசிட்டர் ஏன் வெச்சீங்க"ன்னு கேட்டா பையன் பதில் சொல்றான், பொண்ணு பக்கத்துல நிக்கிறா. பிளேஸ்மென்ட்ல "நீ என்ன செஞ்சே"ன்னு கேக்கும்போதும் அதேதான். கடைசியில உங்க ஸ்டாபே "பொண்ணுங்க தியரில ஸ்ட்ராங், பிராக்டிகல்னா பசங்கதான்"னு சொல்றாங்க, அதைக் கேட்டு வளர்ற பையனும் நம்புறான், பொண்ணும் நம்புறா. என் பொண்ணு சின்ன வயசுல வீட்டு மிக்ஸியைக் கழட்டி மாட்டினவ, இப்ப "எனக்கு ஹார்டுவேர் வராதும்மா"ங்கிறா. வராததா, வர விடாததான்னு நீங்கதான் சொல்லணும்.

அடுத்தது பேசக் கூடாதுங்கிற ரூல். மாடிப்படி தனித்தனி, பஸ்ல பொண்ணுங்க முன்னாடி பசங்க பின்னாடி, கேன்டீன்ல நடுவுல தடுப்பு, காரிடார்ல ஒரு பையனும் பொண்ணும் அஞ்சு நிமிஷம் நின்னு பேசினா ஐடி கார்டைப் புடுங்கிடுறாங்க. எல்லாக் காலேஜ்லயும் இப்படின்னு நான் சொல்லல, ஆனா நம்ம ஊர்ல இன்ஜினியரிங் படிச்ச யாரைக் கேட்டாலும் இதுல ரெண்டையாவது அனுபவிச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் பேசினாங்க, ஆனா வீட்டுக்கு முதல் போன் போறது பொண்ணு வீட்டுக்கு. பையனுக்கு ஒரு அதட்டல், "போடா, படிக்கிற வேலையைப் பாரு." பொண்ணுக்கு சில வீட்டுல படிப்பே நின்னு போயிடும், அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். இது தெரிஞ்சுதான் போன் போடுறீங்களா?

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில எச்ஆர்ல இருக்கேன். உங்க காலேஜ்கள்ல இருந்து வர்ற பசங்கள வருஷா வருஷம் வேலைக்கு எடுக்கறோம். நல்ல மார்க், நல்ல பசங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா ஆர்டர்களைப் பாத்துக்குற மெர்ச்சண்டைசிங் பிரிவுல ஒரு மேடம் டீம் லீடா இருந்தா பல பேருக்கு அவங்க முகத்தைப் பார்த்துப் பேச வர்றதில்ல, ஒண்ணு தலையைக் குனிஞ்சுக்கிறாங்க, இல்லன்னா அவங்க சொன்னதை விட்டுட்டு பக்கத்துல இருக்குற ஆம்பளைகிட்ட திரும்பக் கேக்குறாங்க. கூட வேலை செய்யுற பொண்ணு சிரிச்சுப் பேசினா அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பி, அது புகாரா எங்க டேபிளுக்கு வருது. விசாரிக்கும்போது சில பசங்க அழுதிருக்காங்க, "தப்புன்னு தெரியல மேடம்"னு. அவங்க செஞ்சது தப்புதான், நடவடிக்கையும் எடுத்தோம். ஆனா இருபத்தோரு வயசு வரைக்கும் ஒரு பொண்ணுகூட சாதாரணமா பழகுறது எப்படின்னு தெரிஞ்சுக்க வழியே இல்லாம அவங்களை வெளிய அனுப்பினது யாருங்க?

இன்னொண்ணையும் சொல்லிடறேன், யாருக்கும் பிடிக்காதுன்னு தெரியும். இந்தப் பேசக் கூடாதுங்கிற ரூலுக்குப் பின்னாடி இருக்குறது ஒழுக்கம் மட்டும் இல்ல, சாதிதான். வேற சாதிப் பையனோட பொண்ணு பழகிடுவாளோங்கிற பயம்தான், அட்மிஷனப்ப பெத்தவங்க உங்ககிட்ட தாழ்ந்த குரல்ல கேக்குற கேள்வியே அதுதான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2015 ஜூன்ல திருச்செங்கோடு கோயில்ல கூடப் படிச்ச பொண்ணோட பேசிட்டு இருந்ததுக்காகக் கோகுல்ராஜைக் கடத்திட்டுப் போய் கொன்னாங்க, இன்ஜினியரிங் முடிச்ச பையன், தலித் வீட்டுப் பையன், அந்த வழக்குல 2022ல மதுரை சிறப்பு கோர்ட்டு தண்டனை குடுத்து அடுத்த வருஷம் ஹைகோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. 2016 மார்ச்ல எங்க மாவட்டத்துலயே உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பட்டப்பகல்ல சங்கரை வெட்டினாங்க, அவரும் இன்ஜினியரிங் ஸ்டூடன்ட், காலேஜ்ல பழகி கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க அவங்க ரெண்டு பேரும். பேசுறதே குத்தம்னு ஒரு காலேஜ் ரூல் போட்டா, பேசினதுக்காகக் கொல்றவனோட எண்ணத்துக்கு அந்தக் காலேஜும் ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்த மாதிரி ஆகுது. கடுமையா சொல்றேன்னு தெரியுது, ஆனா இதைவிட மென்மையா சொல்ல எனக்கு மனசு வரல.

"நாங்க என்னம்மா பண்றது, பெத்தவங்கதான் இப்படி கேக்குறாங்க"ன்னு சொல்வீங்க. உண்மை, கேக்குறாங்க. எங்க வீட்டுக்காரரே முதல் வருஷம் "ஆறு மணிக்கு உள்ள விட்டுடறாங்க, நிம்மதி"ன்னுதான் சொன்னார். பெத்தவங்க பயத்தை நான் லேசா பேச மாட்டேன், எனக்கும் அந்தப் பயம் இருக்கு. 2024 டிசம்பர்ல அண்ணா யூனிவர்சிட்டி கேம்பஸுக்குள்ளயே ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையைக் கேட்டு ரெண்டு நாள் தூங்கல. ஆனா அப்ப ஊரெல்லாம் என்ன கேட்டுச்சுன்னு ஞாபகம் இருக்கா? வெளியாள் ஒருத்தன் எப்படி கேம்பஸுக்குள்ள வந்தான்னு கேட்டவங்களோட, அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டவங்களும் நிறைய பேர் இருந்தாங்க. அந்தப் பொண்ணு தைரியமா புகார் குடுத்துச்சு, எப்ஐஆர் வெளிய கசிஞ்சு அது வேற வேதனை, ஆனாலும் பின்வாங்கல, 2025 ஜூன்ல அவனுக்குக் குறைஞ்சது 30 வருஷம் வெளிய வர முடியாத ஆயுள் தண்டனை வாங்கிக் குடுத்துச்சு. "என்ன வேலை"ன்னு கேட்டவங்கள்ல பல பேரு இருபது வயசுப் பசங்க. அந்தக் கேள்வியை அவங்க எங்க கத்துக்கிட்டாங்க? ஆறு மணிக்கு மேல வெளிய நிக்கிற பொண்ணு ரூலை மீறினவன்னு கத்துக்குடுத்தா, அவளுக்கு என்ன நடந்தாலும் அது அவ தப்புங்கிறது அடுத்த பாடமா தானா வந்துடும்.

சட்டம் உங்க பக்கம் இல்லைங்க, அதையும் தெளிவா சொல்லிடறேன். உயர்கல்வி நிறுவனங்கள்ல பாலியல் தொல்லையைத் தடுக்க யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கொண்டு வந்த 2015 ஒழுங்குமுறை 2016 மே மாசம் அரசிதழ்ல வந்துச்சு. அதுல நேரடியாவே இருக்கு, பாதுகாப்பைக் காரணம் காட்டி பசங்க ஹாஸ்டல்ல இல்லாத பாகுபாடான விதிகளைப் பொண்ணுங்க ஹாஸ்டல்ல போடக் கூடாது, பாதுகாப்புங்கிற பேர்ல கண்காணிச்சு நடமாட்டத்தைக் குறைக்கக் கூடாதுன்னு. அதே ஒழுங்குமுறைதான் புகார் விசாரிக்குற கமிட்டியில, மாணவர்கள் சம்பந்தப்பட்ட விஷயம்னா, தேர்தல் வெச்சுத் தேர்ந்தெடுத்த மூணு மாணவ பிரதிநிதிகள் இருக்கணும்னும் சொல்லுது. உங்க காலேஜ் நோட்டீஸ் போர்டுல அந்தக் கமிட்டி லிஸ்ட் இருக்கு, அதுல ஸ்டூடன்ட் பேர் இருக்கான்னு பாருங்க. என் பொண்ணு காலேஜ்ல இல்ல, தேர்தல் நடந்ததா யாருக்கும் ஞாபகமும் இல்ல.

கோழிக்கோடு கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் பொண்ணுங்க 2022 நவம்பர்ல போராடினது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல பொண்ணுங்க ஹாஸ்டல் கேட்டு மூடிடும், பசங்களுக்கு அப்படி இல்ல. ரோட்டுல உக்காந்தாங்க, கேரளா ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, தொல்லை பண்றது ஆம்பளைங்கன்னா பொண்ணுங்கள எதுக்குப் பூட்டுறீங்கன்னு கோர்ட்டே கேட்டுச்சு. டிசம்பர்ல கவர்மென்ட் புது ஆர்டர் போட்டுச்சு, ரெண்டு ஹாஸ்டலுக்கும் ஒரே விதி, ரெண்டாம் வருஷத்துல இருந்து லேட்டா வந்தா ரெஜிஸ்டர்ல எழுதிட்டு உள்ள போகலாம்னு. எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா பசங்களையும் அந்த ஆர்டர் சேர்த்துக்கிச்சு. ஏன்னா பையன் எங்க இருக்கான்னு யாருமே கேக்காம விடுறதும் நல்லதில்லைங்க. ராத்திரி பைக் எடுத்துட்டு பைபாஸ்ல போய் டீ குடிக்கிறதுன்னு கிளம்பி அடிபடுறவங்க யாரு, ரோடு விபத்துல உசுரு விடுறவங்கள்ல பெரும்பாலானவங்க ஆம்பளைங்கதான், அதுலயும் இளவட்டம்தான். ஹோம்சிக்ல சாப்பிடாம கிடக்குற பையனை யாரும் கூப்பிட்டுக் கேக்குறதில்ல, "ஆம்பளப் பையன், பாத்துக்குவான்." என் பையன் காய்ச்சலோட மூணு நாள் ரூம்ல கிடந்தது எனக்கு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தப்பறம்தான் தெரிஞ்சுது, வார்டனுக்குத் தெரியவே தெரியாது. அதே வார்டன் ஆபீஸ், அக்கா பத்து நிமிஷம் லேட்டா வந்ததுக்கு அப்பாவுக்கு எஸ்எம்எஸ் அனுப்புது.

எங்க தொழில்ல இருந்து ஒண்ணு. பேக்டரியில பொண்ணுங்க ராத்திரி வேலை பார்க்கக் கூடாதுன்னு பழைய பேக்டரி சட்டத்துல ஒரு பிரிவு இருந்துச்சு, 2000 டிசம்பர்லயே நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டு அது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு ரத்து பண்ணிடுச்சு. சும்மா ரத்து பண்ணல, போக்குவரத்து குடு, பாதுகாப்பு குடு, தொல்லை நடக்காம பாத்துக்கோன்னு பொறுப்பைக் கம்பெனி தலையில வெச்சுச்சு. இன்னைக்கு இந்தியாவுல பேக்டரிகள்ல வேலை பார்க்குற பொண்ணுங்கள்ல பத்துல நாலு பேருக்கு மேல தமிழ்நாட்டுலதான் இருக்காங்க. எங்களால முடியுது, நாங்க ஒண்ணும் பெரிய மகான்கள் இல்ல, பஸ் விடுறோம், லைட்டு போடுறோம், புகார் வந்தா விசாரிக்கிறோம். மே மாசம் வரைக்கும் ஆறு மணிக்கு மேல வெளிய வந்தா ஆபத்துன்னு நீங்க பூட்டி வெச்ச அதே பொண்ணு ஜூலைல ராத்திரி ஷிப்ட் முடிச்சு கேப்ல வீட்டுக்குப் போகுது. ரெண்டு மாசத்துல அவ என்ன மாறிட்டா? லட்சக்கணக்குல பீஸ் வாங்குற உங்களால ரெண்டு வேனும் நாலு லைட்டும் போட முடியாதா?

கவர்மென்ட்டும் பொண்ணுங்க காலேஜுக்கு வரணும்னு எவ்வளவோ செய்யுது, 2021ல இருந்து டவுன் பஸ்ல டிக்கெட் இல்ல, 2022ல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு வர்ற பொண்ணுக்கு புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய். 2021-22 உயர்கல்வி கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல காலேஜ் வயசுல இருக்குற நூறு பேருக்கு 47 பேர்ங்கிற கணக்குல சேர்க்கை இருக்கு, அதுல பொண்ணுங்க பசங்களைவிட கொஞ்சம் மேலயே. வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. உள்ள வந்ததுக்கு அப்புறம் பழைய வீட்டோட கட்டுப்பாட்டையே நீங்க திரும்ப நடத்துனா எப்படி?

வீட்டுக் கட்டுப்பாடுன்னு சொன்னது சும்மா இல்ல. மத்திய அரசோட நேரப் பயன்பாட்டு சர்வேயைப் பாருங்க. 2019ல சம்பளமில்லாம சொந்த வீட்டு வேலை செய்யுற பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் அதுல போட்டிருக்காங்க, அதைச் செய்யுற ஆம்பளைங்க 97. 2024 சர்வேல 289, 88. அஞ்சு வருஷத்துல ரெண்டு பக்கமும் குறைஞ்சிருக்கு, ஆனா நடுவுல இருக்குற இருநூறு நிமிஷம் அப்படியே நிக்குது. இதுக்கும் ஹாஸ்டலுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். சனிக்கிழமை காலையில ஈரோடு பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க, பசங்க தோள்ல ஒரு வாரத்து அழுக்குத் துணி மூட்டை, அம்மா துவைக்கணும். பொண்ணுங்க துணியை ஹாஸ்டல்லயே துவைச்சுட்டு வந்து வீட்டுலயும் அடுப்படிக்குப் போறாங்க. பசங்க ஹாஸ்டல்ல ரூம் கூட்ட ஆள் போட்டிருக்கீங்க, பொண்ணுங்க ஹாஸ்டல்ல "உங்க ரூமை நீங்களே பாத்துக்கங்கம்மா." பதினெட்டுல இருந்து இருபத்தி ரெண்டு வரைக்கும் ஒரு பையன் முதல் தடவையா அம்மா இல்லாம இருக்கான், தன் வேலையைத் தானே செஞ்சு பழக அதைவிட நல்ல நேரம் வராது. அதை வீணடிச்சுட்டு நேரா கல்யாணத்துக்கு அனுப்பறோம், அப்புறம் மருமக வந்து கஷ்டப்படுறா.

நான் கேக்குறது பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. ஒரு காலேஜுக்கு ஒரே ரூல்ஸ் ஷீட், நேரம் எட்டோ ஒன்பதோ, எதுவா இருந்தாலும் ரெண்டு ஹாஸ்டலுக்கும் ஒண்ணா இருக்கட்டும். லைப்ரரியும் லேபும் திறந்திருக்கிற நேரம் வரைக்கும் எல்லாரும் இருக்கட்டும், அங்க இருந்து ஹாஸ்டல் வரைக்கும் லைட்டும் வேனும் போடுங்க. அவுட்பாஸுக்கு அம்மா நம்பரும் செல்லணும், பதினெட்டு தாண்டினவங்களுக்கு அவங்க கையெழுத்தே போதும். மாடிப்படியைப் பிரிக்காதீங்க, புராஜெக்ட் டீமுல எல்லாருக்கும் வேலையை மாத்தி மாத்திக் குடுக்கச் சொல்லி கைடுகிட்ட சொல்லுங்க. கமிட்டிக்குத் தேர்தல் வைங்க. பெத்தவங்க எதிர்ப்பாங்கன்னு பயப்படாதீங்க, பிடிஏ மீட்டிங் கூட்டுங்க, அங்க பேசுறதுக்கு என்னை மாதிரி அம்மாக்கள் வருவோம், எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரேன், அவரும் இப்ப பையனோட காய்ச்சலுக்கு அப்புறம் வேற மாதிரிதான் யோசிக்கிறார்.

அடுத்த அட்மிஷனுக்கு புரோஷர் அச்சடிக்கிறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சீங்கன்னா நல்லா இருக்கும். அந்தப் புரோஷர்ல லைப்ரரி போட்டோவுக்குக் கீழ நேரம் போடுவீங்கல்ல, அங்கயே ரெண்டு ஹாஸ்டலுக்கும் பொதுவான நேரத்தையும் போட்டுடுங்க, சேர்க்க வர்றவங்க பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்.

இப்படிக்கு,
உங்க காலேஜ்ல பொண்ணையும் பையனையும் படிக்க வைக்கிற ஒரு அம்மா,
திருப்பூர்.